எழுத்துக்கூட்டிச் சொன்ன பெயர்கள்

தஞ்சைத் தரணியின் ஊர்களில் எவரேனும் தொலைபேசியில் தம் பெயரை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்துச் சொல்வதைச் சற்றே செவிகொடுத்துக் கேட்டால் ஒரு வேடிக்கை புலப்படும். 'எம் ஃபார் மெட்ராஸ், ஓ ஃபார் ஆரஞ்சு, எச் ஃபார் ஹைதராபாத், ஏ ஃபார் ஆப்பிள், எம் ஃபார் மெட்ராஸ், இ ஃபார் எலிஃபண்ட், டி ஃபார் டெல்லி.' அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயரைத் தாங்கிய நம்மவர் ஒருவர், அப்பெயரை மறுமுனைக்குச் சேர்ப்பதற்குள் மூன்று நகரங்களையும் இரண்டு பழங்களையும் ஒரு யானையையும் கடந்து போகிறார். மெட்ராஸ் 1996-இல் சென்னையாயிற்று. பாம்பே அதற்கு முந்தைய ஆண்டிலேயே மும்பையாயிற்று. ஆயினும் தொலைபேசியில் அவ்விரு பழைய நகரங்களும் இன்றளவும் அழியாமல் வாழ்கின்றன.

இச்சொற்களை நாம் தேர்ந்தெடுத்தோமா, அல்லது அவை நமக்கு வாய்த்தனவா? இவற்றின் வழியே பயணம் போன நம் பெயர்கள் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தனவா? சிறிய கேள்விகளாகத் தோன்றினும் இவற்றின் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் நம் முன்னோருக்குப் பெரும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

முதலில், இவ்வழக்கம் ஏன் வேண்டியதாயிற்று என்பதைப் பார்ப்போம். பழைய தொலைபேசிக் கம்பி மனிதக் குரலின் முழு வீச்சையும் கடத்துவதில்லை. விநாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளையே அது மறுமுனைக்குக் கொண்டு செல்லும். 'எஸ்' என்பதையும் 'எஃப்' என்பதையும் பிரித்துக் காட்டும் கூரிய ஓசையின் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு மேலே இருக்கிறது. ஆகவே கம்பியின் வழியே வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'எம்', 'என்' ஆகியவற்றின் நிலையும் ஏறத்தாழ அதுவே. தமிழராகிய நமக்கு இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் 'டி'. இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் 'பி'. வல்லோசையையும் மெல்லோசையையும் ஒரே எழுத்தால் குறித்துப் பழகிய நாவுக்கு, ஒன்றை டெல்லி என்றும் மற்றொன்றைத் தஞ்சாவூர் என்றும் சொன்னால்தான் வேற்றுமை விளங்கும். தஞ்சாவூர் என்ற சொல்லிலோ 'டி' ஓசையே இல்லை. ஆங்கிலத்தில் அதை எவ்வாறு எழுதுவார்கள் என்பதை முன்பே அறிந்தவருக்குத்தான் அச்சொல் பயன்படும்!

இந்த இடருடன் நம் பெயர்களில் உள்ள அரபு எழுத்துகளும் சேர்கின்றன. அரபியில் 'ஸாய்', 'தால்', 'ளாத்', 'ளா' என நான்கு எழுத்துகளுக்குரிய நான்கு ஓசைகள் தமிழ் நாவில் பெரும்பாலும் 'ஜ' அல்லது 'ஸ' ஆகிவிடுகின்றன. 'ஸீன்', 'ஸாத்', 'ஸா' மூன்றும் ஒரே 'ஸ' ஆகின்றன. 'காஃப்' இரண்டும் ஒரே 'க'. இந்த வேறுபாட்டை அற்பமென்று எவரும் ஒதுக்க இயலாது. 'ஐன்' எழுத்தில் தொடங்கும் 'அலீம்' யாவற்றையும் அறிந்தவன் என்று பொருள்படும். அது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. 'அலிஃப்' எழுத்தில் தொடங்கும் 'அலீம்' நோவினை தருவது என்று பொருள்படும். தொண்டைக்குள் ஓர் எழுத்து இடம் மாறினால் பொருள் எங்கோ போய்விடுகிறது.

இத்தகைய பெயர்களைச் சுமந்துகொண்டுதான் டெல்டாவின் முஸ்லிம்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடல் கடந்தார்கள். நாகூர், கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், இராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், சக்கராப்பள்ளி, அய்யம்பேட்டை என எந்த ஊரை எடுத்தாலும் சபராளி இல்லாத தெரு அரிது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் மெட்ராஸிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தது. அதற்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. பின்னர் வளைகுடா நாடுகள் திறந்தன. இவ்வாறு போனவர்களின் பெயரை ஒவ்வொரு துறைமுகத்திலும் ஓர் எழுத்தர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதிக்கொண்டார். மலாய் வழக்கில் ஒரு விதம், ஆங்கில வழக்கில் ஒரு விதம். பக்கத்திலேயே 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் 'உ' ஓசைக்கு 'ஓ', 'யூ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். அரபியில் 'காஃப்' எழுத்தில் தொடங்கும் காதிர் என்ற ஒரே பெயர், ஒருவருக்குக் 'கே'யிலும், அவர் தம்பிக்குக் 'கே-எச்'சிலும், காரைக்காலில் வாழ்ந்த மச்சானுக்குச் 'சி'யிலும், கத்தாரில் இருக்கும் பேரனுக்குக் 'கியூ'விலும் தொடங்குவது இங்கே எளிதில் நேரக்கூடியது. அதிராம்பட்டினத்தில் 1955-இல் தொடங்கப்பட்ட காதிர் முகைதீன் கல்லூரியின் ஆங்கிலப் பெயர் 'கே-எச்' என்று தொடங்குகிறது. தென்னாட்டு முஸ்லிம்களிடையே ஊன்றிய வழக்கு அது. மூல எழுத்து எதுவென்று அதைக் கொண்டு அறிய முடியாது.

அக்காலக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். வீட்டுப் பெண்மக்கள் பலர் அரபுத் தமிழில் எழுதினார்கள். அதாவது, தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்கு இருக்கும் எழுத்துகளின்மீது புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகள் ஆக்கிக்கொண்டார்கள். அவ்வெழுத்தில் காதிரும் பழுதின்றி நின்றார். கூத்தாநல்லூரும் பழுதின்றி நின்றது. உறையின்மேல் எழுதும் முகவரி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். பெயரின் சிக்கல் அந்த உறையில் தொடங்கிற்று என்றே சொல்லலாம்.

பிறகு தொலைபேசி வந்தது. அஞ்சலகத்திலோ ஊரில் வசதி படைத்த ஒருவர் வீட்டிலோ இருந்த கருவியில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. குறிப்பிட்ட ஒருவரை அழைத்துப் பேச 'பி.பி. கால்' என்று தனி வகை உண்டு. அதில் ஆளின் பெயரை இணைப்பாளரிடம் சொல்ல வேண்டும்; அவர் அதை அடுத்த ஊரின் இணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். ஒரு பெயர் இரண்டு மூன்று செவிகளைக் கடந்து போயிற்று. தந்தியின் வாசகத்தைத் தொலைபேசியிலேயே சொல்லி எழுதவைக்கும் 'போனோகிராம்' என்ற வசதியும் இருந்தது. அங்கேயும் எழுத்துக்கூட்டல்தான். 1980-களின் பிற்பகுதி முதல் பெருகிய எஸ்.டி.டி. கூடங்களில் சிவப்பு எண்கள் ஓட ஓடக் காசு கரைந்தது. அங்கே நின்று விசாவுக்காக மகன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்ன அத்தாமார்களுக்குச் சொல்லைத் தேர்ந்தெடுக்க அவகாசம் ஏது? பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்த ஆப்பிளும், தொடர்வண்டிப் பலகையிலிருந்த பாம்பேயும் நாவுக்கு வந்தன. கேட்பவருக்கும் அவை தெரிந்திருந்தன. அவ்வளவே.

எழுத்துக்கு ஒரு சொல் என்ற இந்த முறை தொலைபேசியோடு பிறந்ததன்று. எழுத்துகளின் பெயர்களே முதலில் சொற்களாக இருந்தவைதாம். பண்டைய செமித்திய மொழிகளில் 'அலிஃப்' என்பதன் மூலச் சொல் மாட்டைக் குறித்தது. 'பா' வீட்டைக் குறித்தது. இன்றும் அரபியில் வீடு 'பைத்' எனப்படுவதை நாம் அறிவோம். 'ஐன்' இன்றளவும் கண் என்றே பொருள்படுகிறது. 'நூன்' மீன். மீன் விழுங்கிய யூனுஸ் நபி (அலை) அவர்களைக் குர்ஆன் 'துன்னூன்' என்று குறிப்பிடுவது அதனால்தான். அவ்வெழுத்துகளே கிரேக்கம் போய், அங்கிருந்து இலத்தீன் போய், ஆங்கிலத்தின் 'ஏ'யும் 'பி'யும் ஆயின. ஆகவே 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று குழந்தை சொல்லும் அந்த எழுத்து, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'மாட்டுக்குரிய எழுத்து' என்று அழைக்கப்பட்டதுதான்.

அரபுகள் தம் இருபத்தெட்டு எழுத்துகளையும் நினைவில் நிறுத்த 'அப்ஜத், ஹவ்வஸ், ஹுத்தீ, கலமன்' என்று தொடங்கும் எட்டுச் சொற்களாகக் கோத்து வைத்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பும் கொடுத்தார்கள். நம் ஊர்க் கடைகளின் நெற்றியில் காணும் 786, பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை அக்கணக்கின்படி கூட்டி வந்ததே. அவ்வாறு எழுதுவது தகுமா என்ற விவாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. எழுத்தை எழுத்தாகவே ஓதும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 29 அத்தியாயங்கள் தனித்தனி எழுத்துகளோடு தொடங்குகின்றன. 'அலிஃப், லாம், மீம்' என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து ஓதாமல் மூன்று எழுத்துப் பெயர்களாகவே ஓதுகிறோம்.

ஆனால் பெயரை எழுத்துக்கூட்டுவதைத் தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். அரபு எழுத்தில் பல எழுத்துகளின் வடிவம் ஒன்றே. புள்ளி ஒன்றே அவற்றை வேறாக்கும். பழங்காலக் கையெழுத்துகளிலோ புள்ளியையும் உயிர்க்குறியையும் பெரும்பாலும் இடுவதில்லை. குர்ஆன் வசனத்திலோ கவிதையிலோ ஓர் எழுத்து ஐயமானால் முன்பின் சொற்கள் கைகொடுக்கும். மனிதப் பெயருக்கு அந்தத் துணை இல்லை. அறிவிப்பாளர் தொடரில் ஒரு பெயர் பிறழ்ந்தால் நம்பத்தக்க ஒருவரின் இடத்தில் நம்பத்தகாத வேறொருவர் வந்து அமர்ந்துவிடுவார். மார்க்கச் சட்டம் ஒன்றின் அடிப்படையே ஆட்டம் காணும்.

ஓர் எடுத்துக்காட்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மகன் ஹகீம் (ரலி). அவருடைய தந்தையின் பெயர் ஹிஸாம். மதீனத்து அன்சாரியான ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை அப்துல்லாஹ் (ரலி). உஹதில் வீரமரணம் எய்தியவர். அவருடைய பாட்டனார் பெயர் ஹராம். புள்ளியின்றி எழுதினால் ஹிஸாமும் ஹராமும் ஒன்றேதான். 'ஸாய்' எழுத்தின் தலைமேல் உள்ள ஒரு புள்ளியே வேற்றுமை. (விலக்கப்பட்டது என்று நாம் அறிந்த சொல்லைப் பெயராக வைத்தார்களா என்று திகைக்க வேண்டியதில்லை, மஸ்ஜிதுல் ஹராமில் உள்ளதைப் போலக் கண்ணியமானது என்ற பொருளும் அதற்கு உண்டு.) 1245-இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் இதற்கு ஒரு விதியைத் தம் நூலில் பதிந்தார். குறைஷியரிடையே வருவது 'ஸாய்' உள்ள ஹிஸாம். அன்சாரிகளிடையே வருவது 'ரா' உள்ள ஹராம். அதேபோல் 'லாம்' எழுத்தை அழுத்தி 'ஸல்லாம்' என்று வாசிக்க வேண்டிய பெயர்களே மிகுதி. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அழுத்தமின்றி 'ஸலாம்' ஆவர். மதீனத்து யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அச்சிலருள் ஒருவர்.

இக்கலைக்கென்றே நூல்கள் எழுந்தன. 995-இல் மறைந்த தாரகுத்னீ எழுதினார். 1449-இல் மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானீயும் எழுதினார். அவர்கள் எழுத்தை வரைந்து காட்டுவதோடு நிற்கவில்லை. வரைந்ததைப் படியெடுப்பவர் மீண்டும் பிழை செய்யலாம் அல்லவா? ஆகவே எழுத்தைச் சொல்லால் விளக்கினார்கள்: புள்ளியுள்ளது, புள்ளியற்றது, ஒரு புள்ளி உள்ளது, மேலே இரு புள்ளி உள்ளது, கீழே இரு புள்ளி உள்ளது; முதல் எழுத்துக்கு 'அ'கர ஓசை, இரண்டாவதற்கு 'இ'கர ஓசை. வரைந்த புள்ளி அழியலாம். 'புள்ளியுள்ளது' என்ற சொல் அழியாது. தொலைபேசியில் நாம் செய்வதும் இதுவே. ஆனால் அவர்கள் அதை எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பு, எத்தனை கண்டிப்போடு செய்தார்கள்!

1415-இல் மறைந்த ஃபைரூஸாபாதீயின் 'அல்காமூஸ்' அகராதி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரு பெயரை எவ்வாறு ஒலிப்பது என்று சொல்ல அவர் எல்லோரும் அறிந்த இன்னொரு சொல்லை முன்வைத்தார். 'ஸுபைர் போல', 'அமீர் போல', 'கிதாப் போல' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஸுபைரை எவரும் பிழையாக ஒலிக்க மாட்டார்கள் என்ற துணிவு அது. 'எம் ஃபார் மெட்ராஸ்' என்பதன் பின்னால் இருக்கும் துணிவும் அதுவே.

இது ஏட்டோடு நின்ற வழக்கமும் அன்று. உலகப் பயணி இப்னு பதூதா, அரபுகள் 'மஅபர்' என்று வழங்கிய நம் கீழ்க்கடற்கரைக்கும் பதினான்காம் நூற்றாண்டில் வந்துபோனவர். தாயகம் திரும்பியபின் அவர் வாயால் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் எழுதினார். 1355-இல் பணி முடிந்தது. அப்பயண நூலில் அந்நிய ஊர்ப்பெயர் வரும் இடங்களில், இன்ன எழுத்து, அதற்கு இன்ன உயிர்க்குறி என்ற விளக்கம் அடிக்கடி குறுக்கிடும். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதும்போது, கேட்டறியாத ஊரின் பெயர் பிறழாமல் இருக்க வேறு வழியில்லை.

தமிழும் இதில் பின்தங்கியதன்று. மூன்று 'ன'கரங்களை நம் ஆசிரியர்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று அழைத்தார்கள். 'ட'வுக்கு முன் வருவது ஒன்று, 'த'வுக்கு முன் வருவது ஒன்று, 'ற'வுக்கு முன் வருவது ஒன்று. எழுத்துக்கு அதன் பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டே பெயரிட்ட நயம் வேறு மொழியில் எளிதில் கிடைக்காது. வீட்டில் அதுவே 'மூணு சுழி', 'ரெண்டு சுழி' ஆயிற்று. மாலை நேரத்தில் ஓதுகிற பள்ளியில் பிள்ளைகள் 'அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ' என்று ராகமிட்டதை நினைவுகூருங்கள். ஸபர் என்றால் மேலே, ஸேர் என்றால் கீழே, பேஷ் என்றால் முன்னே. இவை பாரசீகச் சொற்கள். அரபு எழுத்தைப் பாரசீகச் சொல்லால் தமிழ்ப் பிள்ளை எழுத்துக்கூட்டிற்று. இருப்பினும் இந்தக் கலை நம் தொலைபேசிக்குள் வரவில்லை. அங்கே ஆப்பிள்தான் வந்தது.

தொலைபேசிக்குரிய சொற்பட்டியலை உலக நாடுகள் கூடி வகுத்த வரலாறும் உண்டு. 1927-இல் வாஷிங்டனில் கூடிய வானொலித் தந்தி மாநாடு ஒரு பட்டியலை ஏற்றது. 1932-இல் மாத்ரிதில் அது திருத்தப்பட்டது. பெரும்பாலும் ஊர்ப்பெயர்கள்: ஆம்ஸ்டர்டாம், காஸாபிளாங்கா, ஜெருசலேம், லிவர்பூல், திரிபோலி, யோகோஹாமா. இரண்டு பட்டியல்களிலும் இந்தியாவின் ஊர் ஒன்றுகூட இல்லை. இன்று விமானிகள் சொல்லும் 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' பட்டியலைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1956 மார்ச் முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோர் நாவுக்கும் காதுக்கும் பொருந்துமா என்று சோதித்துத் தேர்ந்த சொற்கள் அவை. பிரெஞ்சுக்காரர் இறுதி எழுத்தை ஒலிக்காமல் விட்டுவிடக் கூடாதென்று 'ஜூலியட்' என்ற சொல்லின் முடிவில் இரண்டு 'டி' வைத்தார்கள். அவ்வளவு நுணுக்கம்! அதில் 'ஐ' எழுத்துக்கு இந்தியா இடம் பெற்றது.

இச்சொற்பட்டியல்கள் யாருக்கும் தீங்கு செய்யாத வெறும் கருவிகள் என்று எண்ணத் தோன்றும். ஜெர்மனியில் நடந்ததை அறிந்தால் அவ்வாறு எண்ண மாட்டோம். அங்கே 1903 முதல் தொலைபேசி எழுத்துக்கூட்டலுக்கு மனிதப் பெயர்களைப் பயன்படுத்தினார்கள். 'டி'க்குத் தாவீது, 'ஜே'வுக்கு யாக்கோபு, 'என்'னுக்கு நாத்தான், 'எஸ்'ஸுக்குச் சாமுவேல், 'இசட்'டுக்குச் சகரியா. நாஜிகள் ஆட்சியைப் பிடித்த 1933-ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் ரோஸ்டாக் நகரத்து அஞ்சலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. யூதப் பெயர்கள் இன்னமும் இப்பட்டியலில் இருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மறு ஆண்டே புதிய பட்டியல் வந்தது. தாவீது போய் டோரா வந்தாள். நாத்தான் போய் 'நோர்ட்போல்', அதாவது வடதுருவம், வந்தது. சாமுவேலின் இடத்தில் சீக்ஃபிரீட். சகரியாவின் இடத்தில் செப்பலின் என்ற வான்கப்பல். யாக்கோபுக்குப் பதில் ஒரு மனிதப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. 'யோட்' என்று எழுத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தாவீது யார், யாக்கோபு யார், சகரியா யார்? தாவூத் நபி, யஃகூப் நபி, ஸகரிய்யா நபி (அலை) ஆகிய மூவருமே அவர்கள். தாவூதும் யாக்கூபும் ஜக்கரியாவும் இல்லாத தெரு நம் டெல்டாவில் உண்டா? நீக்கப்பட்டவை யூதப் பெயர்கள் என்று அவர்கள் கருதினார்கள். நம்முடைய பெயர்களும் அவையே. கொலைக்கூடங்கள் எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சமூகத்தின் பெயர்கள் தொலைபேசிப் புத்தகத்தின் ஒரு பக்கத்திலிருந்து அமைதியாக எடுக்கப்பட்டன. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் சாமுவேலும் சகரியாவும் திரும்பி வந்தார்கள். ஆனால் வடதுருவமும் டோராவும் நாஜிகள் வைத்தவை என்பதே தெரியாமல் பேரப்பிள்ளைகள் காலம் வரை மக்கள் நாவில் இருந்தன. 2022-இல் வெளிவந்த புதிய ஜெர்மானியத் தர விதி மனிதப் பெயர்களை முற்றாக விட்டு நகரப் பெயர்களுக்கு மாறியது. அதில் 'ஆர்' எழுத்துக்கு உரிய நகரம் எது தெரியுமா? ரோஸ்டாக்!

நம் நாட்டில் அத்தகைய அரசாணை எதுவும் இல்லை. ஆனால் நாமே நம் பெயரைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 'ஐ ஃபார் இப்ராஹீம்' என்று சொல்லலாமே என்றால், மறுமுனையில் இருப்பவருக்குப் புரியாது என்பார்கள். இப்ராஹீம் என்ற பெயர் தமிழ்நாட்டில் யாருக்குப் புரியாது? 'யு ஃபார் உமர்' என்றால் மட்டும் இடர் உண்டு. உமரைச் சிலர் 'ஓ'விலும் எழுதுவதால் அது குழப்பும். 'இசட் ஃபார் ஜம்ஜம்' நல்ல சொல். ஆனால் தமிழ் ஓசை 'ஜ' ஆனதால் கேட்பவர் 'ஜே' என்று எழுதிவிடுவார். வரிக்குதிரைக்கும் அதே குறை உண்டு என்றாலும் பழக்கம் அதைக் காப்பாற்றுகிறது. ஆக, கூச்சத்தால் விடுவது வேறு, கேட்பவர் நலன் கருதி விடுவது வேறு. முன்னதைத்தான் நாம் ஏற்கவில்லை.

சொல்லை விடவும் பெரிய சிக்கல் எழுத்துகளின் வரிசை. முகமது என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை வடிவம்! பள்ளிச் சான்றிதழில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று. இயந்திரம் வாசிக்கும் கடவுச்சீட்டின் விதிகளை 1980-இல் முதன்முதலாக வெளியிட்டதும் அந்த 'ஆல்ஃபா, பிராவோ' அமைப்புதான். அவ்விதியின்படி முகப்புப் பக்கத்தின் அடியில் உள்ள இரு வரிகளில் ஒவ்வொன்றுக்கும் 44 இடங்கள். அதில் பெயருக்குக் கிடைப்பது 39 மட்டுமே. பாட்டனார் பெயர், அவுலியாக்கள் பெயர், தம் பெயர் எனச் சேர்த்து வைக்கும் நம் நீண்ட பெயர்கள் அதில் அறுபடும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இடும் தமிழ்நாட்டு முறை குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் திணறும். ஓர் எழுத்து மாறியதால் 'இவரும் அவரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, அரசிதழில் பெயர் மாற்ற அறிவிக்கை போட்டு அலைந்தோர் நம்மில் பலர். வெளிநாட்டில் மௌத்தாகிப் போன ஒருவரின் சேமிப்பைப் பெற, மகனின் ஆவணத்திலுள்ள தந்தை பெயரும் தந்தையின் ஆவணத்திலுள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். அசாமில் 2019-இல் வெளியான இறுதிக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் பெறவில்லை. ஆவணத்துக்கு ஆவணம் பெயரின் எழுத்து மாறுவது எத்தகைய துன்பமாக முடியும் என்பதை அங்குள்ள மக்கள் அறிந்தார்கள்.

எழுத்தை ஒழுங்கு செய்வது அரசுக்கே எளிதன்று என்பதற்கும் சான்று உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியாயிற்று. எழுத்து நீளம் கண்டு மக்கள் மலைத்தார்கள். சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. வழுத்தூர்க்காரருக்கோ இன்றும் ஊர்ப்பெயரின் 'ழ'வுக்கு ஓர் 'இசட்', தம் பெயரின் 'ஸாய்'க்கு மற்றோர் 'இசட்'. ஒரே முகவரியில் ஒரே எழுத்து இரண்டு ஓசைகளைச் சுமக்கிறது.

பழைய பெயர்களை இனித் திருத்துவது பெரும்பாடு. புதிய பெயர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுகிறோம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ், பெயரின்றிப் பதிவான பிறப்பில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னும் தாமதக் கட்டணம் செலுத்திப் பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பப் போகும் முன் உஸ்தாதிடம் கேட்டுப் பெயரின் அரபு எழுத்து எதுவென்று அறிந்துகொள்ளலாம்: 'ஐன்'னா, 'அலிஃப்'பா, 'ஸாய்'யா, 'தால்'லா, 'காஃப்' இரண்டில் எது? அதற்கு ஆங்கிலத்தில் எவ்வரிசை என்று வீட்டில் கூடி ஒருமுறை தீர்மானித்து, அத்தாவின் கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்துப் பார்த்து, அரபியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளலாம். பதிவு அலுவலகத்தில் வாயால் சொல்லாமல் அந்தத் தாளையே நீட்டலாம்.